கழித்தல் கணக்கு

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய பில் ரோல்,
கறள் பிடித்த வாள் தகடு,
நுனியில் கட்டிய அரைச் செங்கல்,
செங்கலில் ஒரு நீலப் பேனை.
இவ்வளவுதான் எங்கள் புவிநடுக்கமானி.

"இதெல்லாம் கருவியா ரீச்சர்?" என்றான் சப்ரான்.
நிலம் ஆடுகையில் ஆடாமல் நிற்க
ஏதாவது ஒன்று வேண்டும் என்றேன்.
ஏழாம் வகுப்பில் ஒருவரும்
ஆடாமல் நின்றதில்லை.
செங்கலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள்.

தனோஜா கடுதாசியை மெல்ல இழுக்க
முப்பத்தொரு பேரும் குதித்தார்கள்.
மேசை துள்ளியது.
கோடு பல்லுப் பல்லாய்ப் போனது.
பக்கத்து வகுப்புச் சேர்
வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.
வேலியோரம் மேய்ந்த கோட்டை மான்
காதை மட்டும் திருப்பியது.

பிறகு தோளில் கை போட்ட வரிசை.
கடைசி ஆளைத் தள்ள
முன்னால் நின்றவள் முறைத்தாள்.
முதல் அலை.
கல்லுக்குள்ளால் ஓடும், விநாடிக்கு எட்டுக் கிலோமீற்றர்,
கொழும்புக்கு அரை நிமிடம்.
"இரவு ரயில் விடிய விடியப் போகுதே!"

பக்கவாட்டில் ஆட்டினேன்.
இரண்டாம் அலை, பிந்தி வரும்.
எவ்வளவு பிந்தியது என்று கழித்துப் பார்த்தால்
எவ்வளவு தூரத்தில் நிலம் உடைந்ததென்று தெரியும்.
விஞ்ஞானிகளுக்கும்
கழித்தல் கணக்குத்தான் பிள்ளைகளே.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் றிஸ்மியா
கை உயர்த்துகிறவள் அல்ல.
அவளுடைய பெயர்
அவளுக்கு முன் இன்னொருத்தியிடம் இருந்தது.
"சுமாத்திரா எவ்வளவு தூரம்?"
ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு.
எட்டால் பிரித்தாள்.
மூன்றரை நிமிடம்.
"கடல் வர?"
இரண்டு மணித்தியாலம், கொஞ்சம் முன்பின்.

விடையின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.
"நூற்றுப் பதினாறரை நிமிடம் மீதி, ரீச்சர்."

வகுப்பில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை.
"அந்த நேரத்தில கன்னியாவுக்கு
நடந்தே போயிருக்கலாம்"
என்றான் கவிஷன், பகிடியாக அல்ல.

ஞாயிறு. ஏழு மணி தாண்டியிருக்கும்.
நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன்.
போத்தலில் எண்ணெய் அசையவில்லை.
எனக்குக் கீழே,
மீன் சந்தைக்குக் கீழே,
கோணேசர் மலையின் வேருக்குள்ளால்
அது சொல்லிக்கொண்டே போயிருக்கிறது.
கடுதாசி பிடிக்க
இங்கே ஆளில்லை.

இன்று தொலைவில் எத்தனையோ ஊசிகள்
இரவு பகலாய் எழுதுகின்றன;
செய்தி நிமிடங்களில் வந்துவிடும் என்றேன்.
அவள் தலையாட்டினாள்.
நம்பியதாகத் தெரியவில்லை.

மணி அடித்தது. வாங்குகள் இழுபட்டன.
செங்கல் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
பேனைக்கு மூடி போடப் போனேன்.
"வேண்டாம் ரீச்சர்."
மை காய்ந்துவிடுமே.
"நாளைக்கு வேற பேனை கொண்டு வாறன்"
என்றாள்,
பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே.