மிச்சக் கால்

பழைய அலுமினிய முக்காலிக்கு
ஒரு கால் சில மாதமாகவே நழுவியது.
தஞ்சோங் பூங்கா பாறைமேல்
அது மண்டியிட்ட அன்று
லென்ஸின் முகத்தில் சிலந்தி வலை.
பழுது பார்க்க நானூற்றிருபது ரிங்கிட்.
இனி கால்களில் கஞ்சத்தனம் கூடாது என்று
அந்த ரசீதின் முதுகில் எழுதி வைத்தேன்.

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸிலிருந்து நேராகக் கேம்பல் தெரு.
கடை திறக்க ஒன்றரை மணி நேரம் இருந்தது.
ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக்.
கண்ணுக்குள் இன்னும் சிலிக்கான் வில்லைகள்.
எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்தவளுக்கு
அதிர்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பக்கத்து வரிசையில் தள்ளுவண்டி போனால் போதும்,
கோடு கலங்கிவிடும்.

ஊய் நான்கைத் தரையில் நிறுத்தினார்.
"தங்கச்சி, தட்டிப் பார்."
அலுமினியம் 'டிங்' என்று தொடங்கி
தன் கதையை முடிக்கவே இல்லை.
கரிநார், 'டொக்'.
கேட்டதற்குப் பதில் சொல்லி
வாயை மூடிக்கொள்ளும் ஆள்.

நாலு கணு வைத்தது பைக்குள் அடங்கும்,
ஆனால் கடைசிக் கணு என் சுண்டுவிரல் பருமன்.
மூன்று கணு வைத்தது தடியன்.
மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டினால்
பின்னால் வருகிறவன் ஏசுவான்.
நடுத்தண்டை உயர்த்தினார், நான் இறக்கினேன்.
அவர் மறுபடி உயர்த்தினார்.
அது கழுத்தை நீட்டினால் தலை ஆடும், வேண்டாம் என்றேன்.
இருபது கிலோ தாங்கும் என்றது அட்டை.
என் கேமரா ஒன்றரை கிலோ.
மிச்சம் எதற்கு?
"காற்றுக்கு" என்றார்.

இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன்.
முறைத்தது, வளையவில்லை.
தலையைப் பிடித்துத் திருகினேன்.
கால்கள் கேட்காத மாதிரி நின்றன.
அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும்
நாலு கால் இருந்தும் ஆடியது;
ஒரு காலுக்கடியில்
மடித்த லாட்டரிச் சீட்டு.

ஆயிரத்து அறுநூற்று எண்பது.
மனம் முக்கால் சம்மதித்துவிட்டது.
மிச்சக் காலில்தான் இடித்தது.
"பன்னிரண்டு தவணை" என்றார் ஊய்.
அந்தக் காலும் ஊன்றிக்கொண்டது.
புனிதவதி என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுமாதம், முதல் தவணை கட்டிய ராத்திரி,
பத்து மவுங் மீனவர் துறையில் விரித்தேன்.
எதிரே இரண்டாம் பாலம்
இருட்டுக்குள் விளக்கு விளக்காய்ப் போய்க்கொண்டிருந்தது.
கடல் காற்று வந்து முதலில் பையை, பிறகு என்னை,
கடைசியில் அதைத் தொட்டுப் பார்த்தது.
கனமில்லாமல் இருக்கத்தானே அத்தனை காசு!
இப்போது கொக்கியில் தொங்கவிட
கனம் தேடினேன்.
ஹெல்மெட், இரண்டு தண்ணீர்ப் போத்தல்,
சாப்பிடாத நாசி லெமாக்.
ஊசலாடாமல் பலகையைத் தொடும்படி
கயிற்றை இறக்கினேன்.

முப்பது நொடி.
பதினோராவது நொடியில் பாக் தாவுட்
வாளியோடு நடந்து வந்தார்.
முக்காலி அசையவில்லை.
அது நின்ற பலகை அசைந்தது,
பலகை நின்ற கம்பம் அசைந்தது,
கம்பம் நின்ற சேற்றை
எந்தக் கடையில் தட்டிப் பார்ப்பது?

திரையில் பார்த்தேன்.
பாலத்தின் ஒவ்வொரு விளக்கும்
குட்டியாய் ஒரு பிள்ளையார் சுழி.
நூற்றுக்கணக்கில் 'உ', 'உ', 'உ',
எழுதப்போவது எதுவும் இல்லாமல்.

அவரிடம் காட்டினேன். சிரித்தார்.
வாளியைக் கீழே வைக்கவில்லை,
வைத்தால் அதிரும் என்று தெரிந்திருந்தது.
அடுத்த முப்பது நொடியும் அப்படியே நின்றார்.
ஒரு மீன் மட்டும் உள்ளே இரண்டு தரம் துள்ளியது.
"சூடா?" என்றார், முடிந்ததா என்று.
இன்னும் பதினாலு நொடி, பாக்.

இரண்டாவது படத்தில் விளக்குகள் புள்ளி புள்ளியாய்.
வேலையிடத்துக் கண்ணால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
குறை இல்லை.
முதல் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

உப்புக் காற்று பட்ட பூட்டுகளைத்
திருகிக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.
அதற்கு முன் ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும்.
இன்னும் பதினோரு தவணை.