முந்நூறு கிராம்

தர்ஹானில் அந்தக் காலை மைனஸ் இருபத்தேழு.
அரங்கின் கொதிகலன் அறைச் சுவரோரம்
ஜாவ்க்லன் துப்பிக்கொண்டிருந்தான்
ஒரு காலி பாட்டிலுக்குள்.
அதைக் காலி செய்தவள் நான்.

அவன் ஐம்பத்தைந்து கிலோவுக்குள் அடங்க வேண்டும்.
நான் நாற்பத்துநான்கைத் தாண்ட வேண்டும்.
கீழ்ப்பிரிவில் எங்கள் ஜூடோ கிளப்புக்கு
ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்,
கோச்சின் அக்கா மகள்.
அவன் முந்நூறு கிராம் கூட,
நான் முந்நூறு கிராம் குறைச்சல்.
"உன்னுடையதை எனக்குத் தாயேன்" என்றேன்.
சிரிக்கவில்லை.
சிரித்தால் எச்சில் வற்றிவிடுமாம்.

அவன் பார்த்த வீடியோவில்
வயிற்றில் எட்டுக் கட்டம் வைத்திருந்தவர்
கோழைகள்தான் தாகத்துக்குக் குடிப்பார்கள் என்றார்.
நான் பார்த்ததில் ஒருத்தி
குடித்தால் முகம் மின்னும் என்றாள்.
இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன்.
நடந்தால் உள்ளே அலையடித்தது
(கடல் இல்லாத நாடு எங்களுடையது).

வெள்ளை மாதப் பண்டிகைக்கு இன்னும் நான்கு நாள்.
அவன் வீட்டு பால்கனியில்
எண்ணூறு பூஸ், ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டைகள்,
வரிசையாக உறைந்துகொண்டிருந்தன.
நேற்றிரவு மாவு திரட்டியவன் அவன்தான்.
விரலை ஒருமுறை நக்கியதை
திருட்டை ஒப்புக்கொள்வதுபோல் ஒப்புக்கொண்டான்.
"அது எத்தனை கிராம் இருக்கும், அனுஜின்?"

உடல்நலப் பாடத்தில் நாங்கள் முக்கோணம் வரைந்தோம்.
அடியில் ரொட்டி, உச்சியில் சர்க்கரை.
முட்டைக்கோஸுக்குக் கோடு தாண்டாமல் பச்சை அடித்து
முழு மதிப்பெண் வாங்கினேன்.

நகம் வெட்டினான்.
பிறகு தலையைக் குனிந்து
முடிவெட்டும் மெஷினை என்னிடம் நீட்டினான்.
விழுந்த முடியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன்.
ஒரு குருவிகூட இதைவிடக் கனம்.
"அழுதுவிடு, அதுவும் எடைதான்" என்றேன்.
கேலிக்குத்தான் சொன்னேன்.
அழுதான்.

ஐம்பத்தைந்து புள்ளி பூஜ்யம்.
நாற்பத்துநான்கு புள்ளி ஒன்று.
எடை மேடைகள் எங்களை நம்பின.
"தகுதியான உடல்" என்று மருத்துவர் முத்திரை குத்தினார்.
மை காயுமுன் கழிப்பறைக்கு ஓடினேன்;
என் எடைப்பிரிவு அங்கேயே போயிற்று.

அவன் முதல் ஆட்டத்தில் ஜெயித்தான்.
இரண்டாவதில் வணங்கக் குனிந்தவன் நிமிரவில்லை.
யாரும் தொடவேயில்லை அவனை.
பிடிக்கக் கை நீட்டி நின்ற எர்தெனெத் பையன்தான்
முதலில் மண்டியிட்டு
அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டான்.

என்னைத் தூக்கியவள் நாற்பத்தேழரை கிலோ.
பத்து நொடி.
மேலே போகையில்
கூரைக் கம்பியில் ஒரு புறாவைப் பார்த்தேன்,
இறகை உப்பிக்கொண்டு,
தன் அளவைவிட இரண்டு மடங்காய்.

மாலையில் படிக்கட்டில்
அவன் அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தோம்.
கடித்ததும் கொழுப்புச் சாறு
மணிக்கட்டு வழியே சட்டைக்குள் ஓடிற்று.
மூன்றாவது பூஸோடு எண்ணுவதை விட்டுவிட்டோம்.
இல்லை, அவன் விட்டான்.
நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.
பதினொன்று.

சுவரோரம் அந்த பாட்டில்
கல்லாய் உறைந்து கிடந்தது.
கையில் எடுத்து ஏற்றி இறக்கிப் பார்த்தான்.
"இவ்வளவுதானா?"
கீழே வைத்துக் காலால் ஒரு தட்டு.
பனிமேல் வழுக்கி என்னிடம் வந்தது.
நான் திருப்பி உதைத்தேன்.
பேருந்து வரத் தாமதம்.
கோட்டுக்குள் வியர்க்கத் தொடங்கியது எங்களுக்கு,
எதற்காகவும் இல்லாமல்.