மூன்று வரிக்கு மேல் போன மன்றாட்டு

மூன்று வரி போதும் என்றார் பங்குச்சாமியார்.
விசுவாசிகள் மன்றாட்டில் ஐந்தாவது எனக்கு:
தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக.
உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன், ஆண்டவரே.
கடையில் அச்சு பிசகிய தாள்கள் நிறையக் கிடக்கின்றன,
அவற்றின் முதுகில்.

சூரமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை, உமக்குத் தெரியும்.
இந்த வாரம் மட்டும் இருநூற்றுப் பதினாறு நுழைவுச்சீட்டுகள்.
பிரிண்டர் சூட்டோடு ஒவ்வொரு முகமும் என் கைக்கு வந்தது.
அதில் மூன்று முகங்களுக்கு ஒரே சட்டை.
நீலக் கட்டம், இடது காலரில் பிரிந்த தையல்.
ஒருவன் கழற்ற இன்னொருவன் மாட்டி
ஸ்டுடியோவில் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள்.
தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்டவர்களை
மேலிருந்து பார்த்தவர் நீர்.
இந்தச் சட்டைக்கு யாரும் சீட்டுப் போடவில்லை.

மாதையன் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன்.
நெருப்பும் ஆசிடும் தின்றதில்
கட்டைவிரலில் ரேகை இல்லை.
போன முறை நான்கு தடவை அழுத்தச் சொன்னார்களாம்,
நான்கு தடவையும் கருந்திட்டு.
"நான் நான்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா"
என்று சிரித்தான்.
விரலைப் பார்த்தா நீர் அவனை அறிவீர்?

கோகிலவாணிக்குக் கொட்டச்சேடு.
விடியுமுன் மலையிறங்கும் பஸ்ஸில்
எப்போதும் பன்னிரண்டாம் வளைவில் வாந்தி எடுப்பாள்.
எலுமிச்சம்பழத்தை அவள் மறக்காதிருக்கட்டும்.
மிளகு பறித்த கூலியில் வாங்கிய
பழைய பொது அறிவுப் புத்தகம் அவளுடையது.
நடுவில் நாற்பது பக்கம் இல்லை.
அந்த நாற்பதிலிருந்து
கேள்வி எதுவும் வராதிருக்கட்டும்.

இங்கேதான் பேனா நின்றுவிட்டது.
ஒரு வேலைக்கு முந்நூறு பேர்.
இவளுக்குக் கொடும் என்று நான் கேட்டால்
மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரை
என்ன செய்யச் சொல்கிறேன்?
ஓமலூரில் தஸ்லீமாவின் அம்மா நோன்பிருக்கிறார்.
கோட்டை மாரியம்மனுக்கு யாரோ
உப்பும் மிளகும் கொட்டியிருப்பார்கள்.
எல்லா விண்ணப்பமும் உம் மேஜைக்குத்தான் வருகிறதென்றால்
உம்மிடமும் கட்-ஆஃப் உண்டா?
கடைசி தேதி உண்டா?

பொழுது சாயும்வரை சந்தைவெளியில்
யாரும் கூப்பிடாமல் நின்றவனுக்கும்
முழுக்கூலி கொடுத்த கதையைச் சொன்னது நீர்.
அந்தத் தோட்டக்காரர் இந்தப் பக்கம் ஆள் எடுப்பதில்லை.

சரி, சின்னதாகவே கேட்கிறேன்.
பஸ் வரட்டும்.
கறுப்புப் பேனா பாதியில் காயாதிருக்கட்டும்.
கண்காணிப்பாளர் வீட்டில் அன்று காலை சண்டை வேண்டாம்.
மின்விசிறி சுற்றட்டும், விடைத்தாளைப் பறக்கடிக்காமல்.
மாதையனின் விரலை யாராவது பொறுமையாய்ப் பிடிக்கட்டும்.
பிறகு பட்டியல் வரும் நாள்.
அன்று கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவந்து
ஜங்ஷனுக்கு அப்பால், விளக்கில்லாத தண்டவாளத்தருகே
நீர் நின்றுகொண்டிரும்.
பேச வேண்டாம்.
யாராவது வந்தால்
மணி என்ன என்று மட்டும் கேளும்.

*

எட்டரைப் பூசையில் மூன்று வரிதான் வாசித்தேன்.
எல்லாரும் சொல்லவேண்டிய பதிலைச் சொன்னார்கள்,
ஆறாவது மன்றாட்டுக்கு மைக் கை மாறியது.
இருநூற்றுப் பதினாறு பேரில் ஒருவரும் கோயிலில் இல்லை.
அந்நேரம் ஏதோ பள்ளிக்கூட வாசலில்
கைக்கடிகாரத்தைக் கழற்றிப்
பைக்குள் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

காணிக்கைத் தட்டு வந்தது.
சில்லறையோடு அந்தத் தாளையும் மடித்துப் போட்டேன்.
மடிக்கும்போதுதான் மறுபக்கத்தைப் பார்த்தேன்:
யாருடைய நுழைவுச்சீட்டோ,
எண் இருக்கிறது, ஊர் இருக்கிறது,
மை தீர்ந்து
முகம் மட்டும் விழவில்லை.