வியாழக்கிழமைக் கூண்டு

வாத்தியார்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
த்ரியெஸ்தேயின் குளிர்காற்று கதவை உதைக்கிறது.
கண்ணாடிக் கூண்டைத் திறந்து
நாங்கள் நாலு பேர்.

ஒத்தாவியோ பேசுவான், மந்திரிக் குரலில்,
மீன்பிடி ஒதுக்கீடு பற்றி.
நெவியா அரை வாக்கியம் பின்னால் நடந்து
அவனை ஸ்லோவேனியனில் கொண்டுவருவாள்.
என் முறை வரும்போதுதான் எண்கள் வரும்.
மத்தி, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் டன்.
நாக்கு மரத்துவிடும்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு நகரும்:
340 000.
அதன் கீழே ஒரு குட்டி மீன்.
போனது போகட்டும், அடுத்ததைப் பிடி
என்று அர்த்தம்.
முதலில் வரைந்தது யார் என்பதில்
இன்றுவரை சண்டை.

பிறகு காப்பி. பாராட்டு கிடையாது.
"நீ மூச்சு விடுவது மைக்கில் கேட்கிறது."
"ஒன்பது தடவை 'ஆகவே' சொன்னாய்."
எண்ணிய ஸ்தானோ
மறுவாரம் பதினொன்று சொன்னான்.

ஆறு வருடம் கழித்து லக்சம்பர்க்.
முன்பின் அறியாத பெண் என் கூண்டில்.
பால் மானிய விவாதம்.
ஒரு தேதியைக் கோட்டைவிட்டேன்.
இருநூறு காதுகளில் என் மௌனம்.

அவள் பேனா அசைந்தது.
தேதி. கீழே மீன்.

அதற்கு இப்போது
செதில்கள் முளைத்திருந்தன.