மைனஸ் ஒரு மீட்டர்

லடாக் என்றுதான் முதலில் பேச்சு.
ஆறு மாதமாய் அனஸ் வரைபடமும் கையுமாய் இருந்தான்.
பதினைந்தாயிரம் அடியில் ஓர் உப்பு ஏரி,
நாங்கள் நால்வரும் நிற்கப்போகிற இடத்தில்
சிவப்பாய் ஒரு புள்ளி.
தஞ்சாவூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"ஏற்காடுகூட வேண்டாம்" என்றார் இவரிடம்.
கம்பளிச் சட்டைகள் விலைச்சீட்டோடு
பீரோவுக்குள் போயின.

பங்குனியில் என் தம்பியின் காரை இரவல் வாங்கி
கூத்தாநல்லூரிலிருந்து தெற்கே கிளம்பினோம்.
தம்ரூட் ஒரு டப்பா.
தண்ணீர் பன்னிரண்டு பாட்டில்.
அறுபது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு எதற்கு என்றேன்.
பேசாமல் டிக்கியை மூடினார்.

அஃப்ரின் போனில் உயரம் காட்டும் செயலி.
லெட்சுமாங்குடியில் பத்து மீட்டர்,
திருத்துறைப்பூண்டியில் நான்கு.
ஒவ்வொன்றையும் கணவாய் கடந்ததுபோல் அறிவித்தாள்.
"மூச்சு முட்டுதா அத்தா?" என்றான்
ஸ்டியரிங்கில் இருந்த அனஸ்.
சிரித்தோம். முள் எல்லோருக்கும் தெரிந்தது.

சம்பா அறுத்த வயல்களில் உளுந்து காய்த்திருந்தது.
ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி,
வாய்மேடு தாண்டியபின் எங்கேயோ
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்
காவிரி முடிந்துபோயிருந்தது.

அகஸ்தியம்பள்ளி.
பாத்தி பாத்தியாய் வெளுப்பு,
கீற்று மூடிய உப்பு அம்பாரங்கள்.
அப்புறம் பாத்தியும் இல்லை, வரப்பும் இல்லை.

நிக்காஹ் ஆகி இருபத்திரண்டு வருஷம்.
லீவுகளைக் கூட்டினால் மூன்றரை வருஷக் குடித்தனம்.
மிச்சமெல்லாம் டெலிபோன்.
பாலைவனத்துக்குக் குறுக்கே
ஐஸ்பெட்டி லாரி ஓட்டியவர் இவர்.
எங்கே இருக்கீங்க?
ரோட்டுல.
கண்ணாடியில என்ன தெரியுது?
ஒண்ணுமில்லே புள்ளே.
அந்த ஒண்ணுமில்லேயை
நான் சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன்,
சில ராத்திரிகளில் பொய் என்று.

போட்டோவுக்காக அனஸ் ரோட்டைவிட்டு இறக்கினான்.
நூறடி பளிங்குபோல் போயிற்று.
பிறகு அப்பளம் நொறுங்குகிற சத்தம்,
முன்சக்கரம் இரண்டும் கறுப்புச் சேற்றில்.
அவன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க
வண்டி உட்கார்ந்தது.

"அணை" என்றார் இவர்.
சத்தமாகக்கூட இல்லை.
இறங்கினார், செருப்பைக் கழற்றினார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல்
குதிகாலால் தரையை அங்கங்கே தட்டிக் கேட்டார்.
"மேலே ஓடு, கீழே கஞ்சி.
அங்கே இதுக்கு சப்கான்னு பேரு."
நாலு டயரிலும் காற்றை இறக்கினார்,
சாவி நுனியால், எதையோ எண்ணிக்கொண்டே.
உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்.
உப்பளத்தில் வேலையாயிருந்த பெண்ணொருத்தி
பழைய கீற்று நாலு இழுத்துவந்து போட்டாள்.
"போன மாசம் ஒரு ஜீப்பு, பொழுது சாயுமட்டும் கெடந்துது" என்றாள்.

ரிவர்ஸில் எடுத்தார்.
ஸ்டியரிங் மேல் ரெண்டே விரல்.
பச்சைப்பிள்ளையின் கழுத்தைத் தாங்குகிற பக்குவம்,
எங்கள் பிள்ளைகளுக்கு அவர் தாங்கியதில்லை.
பணம் வந்திருக்கிறது, பெட்டி வந்திருக்கிறது,
இவரும் வந்திருக்கிறார்.
இவர் வேலை செய்து
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வண்டி கெட்டித்தரை ஏறியதும் திரும்பி நின்றேன்.
வெள்ளை. அதன்மேல் கானல்.
தூரத்தில் பூநாரைகளோ, கண் கூசியதோ.
வேறெதுவும் இல்லை.
வேறெதுவுமே இல்லை.
இதைத்தான் சொல்லியிருக்கிறார்
அத்தனை வருஷமும், உள்ளதை உள்ளபடி.

"மைனஸ் ஒண்ணு!" என்று கத்தினாள் அஃப்ரின்.

பதினோரு பாட்டிலையும்
உப்பளத்துப் பெண்களிடம் கொடுத்துவிட்டார்.
தோப்புத்துறை பஞ்சர் கடையில் காற்றடிக்கும்போது
அனஸ் பக்கத்தில் போய்க் குந்தினான்.
"அங்கே தனியா மாட்டிக்கிட்டா
என்னத்தா பண்ணுவீங்க?"
"காத்தைக் கொறச்சுட்டு ஒக்காந்திருப்பேன்" என்றார்.
இன்னும் என்னவோ சொன்னார், ரொம்ப நேரம்.
கம்ப்ரஸர் இரைச்சலில்
எனக்குக் கேட்கவில்லை.