48,211 வரை

இரவு இரண்டு நாற்பது. தெமட்டகொடையில் கறண்ட் போய்
ஜெனரேட்டர் இருமி எழும்ப எடுத்த பதினொரு விநாடியில்
வாசிப்பவன் விழுந்தான்.

வரிசை விழவில்லை. அது தன்பாட்டில்
எழுதிக்கொண்டே போனது:
வத்தளை மருந்துக்கடை, ஆயிரத்து நானூறு ரூபாய்.
கல்கிசை, நகை மீட்க நாளை கடைசி நாள்.
யார் வாசித்தார் என்று அது கேட்பதில்லை.
வாசிப்பவன்தான் சொல்லிவைக்க வேண்டும்
இதுவரை முடித்தேன் என்று.

அவன் கடைசியாய்ச் சொல்லிவைத்தது 48,211.
கை போயிருந்தது 48,236க்கு.

இடையில் இருபத்தைந்து பேர். அநேகமாய்
எல்லோருக்கும் செய்தி போயிருக்கும்.
அநேகமாய்.

ஷிஹாம் மருதானையிலிருந்து எடுத்தான்,
வாயில் இன்னும் நித்திரை.
"முன்னால தள்ளி விடுவமா? முப்பத்தேழில இருந்து?"

போன வெசாக்கை நான் அவனுக்குச் சொன்னதில்லை.
இரண்டு நாள் விடுமுறை, வாசிப்பவனை நிறுத்தியிருந்தோம்.
வரிசை ஏழு நாள் எல்லாவற்றையும் வைத்திருக்கும்,
நின்ற இடத்தின் குறிப்பை மட்டும்
ஒரே நாளில் அழித்துவிடும்.
திரும்பி வந்தவனுக்கு இடம் தெரியவில்லை.
தெரியாவிட்டால் என்ன செய்வதென்று
அமைப்பில் ஒரு வரி இருந்தது:
இப்போதிலிருந்து தொடங்கு.
அந்த வரி என்னுடையது.

ஆறாயிரத்துச் சொச்சம் செய்திகள்
பின்னால் அப்படியே கிடந்தன.
பிழை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை.
ஏழாம் நாள் அவையும் அழிந்தன.
ஒன்று மட்டும் பிறகு கேட்டு வந்தது, ராகமையிலிருந்து:
பரிசோதனை அறிக்கை தயார் என்று
ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?

"தள்ள வேண்டாம்" என்றேன். "பன்னிரண்டில இருந்து போகட்டும்."
"இருபத்தைந்து பேருக்கும் ரெண்டாம் தரம் போகுமே."
"போகட்டும்."

புதியவன் எழும்பினான். முந்தியவனின் கை
எங்கே நின்றதென்று அவனுக்குத் தெரியாது.
48,212. 48,213.
பிளேன்ரீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஒரு அழைப்பு.
பேலியகொடை மீன் சந்தை, பின்னால் ஐஸ் கொட்டும் சத்தம்.
ரெண்டு தரம் வெட்டிட்டீங்களா என் காசை?
இந்துனில் சிங்களத்தில் பொறுமையாய்ச் சொன்னாள்:
காசு ஒருதரம்தான் ஐயா,
செய்திதான் ரெண்டு.

அவர் நம்பவில்லை. வைத்துவிட்டார்.
மீதியைப் பார்த்திருக்க வேண்டும்,
திரும்ப எடுத்து, "ஹரி" என்றார்.
அதற்குள் குறிப்பு
48,902 என்று எழுதியிருந்தது.