மூச்சு விடும் இடம்

நள்ளிரவு இரண்டு பத்துக்குக் கோப்பு வந்தது.
மார்த்தாண்டம் மேம்பாலத்தில் அப்போது
ரப்பர் தடி ஏற்றிய ஒரே ஒரு லாரி.
அனுப்பியவர் டீக்கன் ஹோலிஸ், பால்டிமோர்.
வயது ஐம்பத்தேழு, ஆல்பம் பதினான்கு,
கூடப் பாடியவர்களை அவரே எண்ணியிருக்க மாட்டார்.

"டீக்கனா? எந்தச் சபை?" என்றாள் ஷைனி.
சபையெல்லாம் இல்லை, ராப் பாடுற ஆளாக்கும்.
"அம்பத்தேழு வயசிலயா?"
போர்வையை இழுத்துத் திரும்பிப் படுத்தாள்.

நான் விற்றது ஒரு தாளம், நாற்பது டாலருக்கு.
குலசேகரம் தோட்டத்தில் சிரட்டைகளில் விழுந்த மழை,
கீழே அண்ணன் கடையில் ஏத்தங்காய் சீவுகிற சத்தம்,
இரண்டையும் நறுக்கி ஒட்டி, அடியில் கனமாக ஒரு பேஸ்.
நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு அடி.

வந்தது வெறும் குரல்.
ஹெட்போனை மாட்டியதும் பால்டிமோரில் ஓர் அறை
என் காதுக்குள் திறக்கிறது.
நாற்காலி கிறீச்சிடுகிறது.
அடுத்த அறையில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.
செருமிக்கொண்டு தொடங்குகிறார்.

அவருடைய பழைய பாட்டெல்லாம் என்னிடம் உண்டு.
தொண்ணூற்று நாலில், ட்வின் என்ற கூட்டாளியோடு,
ஒரே மூச்சில் பன்னிரண்டு வரி.
இவர் விட்ட சொல்லின் வாலை அவன் பிடிப்பான்.
இரண்டு வாய் உள்ள ஒரே ஆள் என்று தோன்றும்.
பிறகு பணத்தில் சண்டை.
ட்வின் பெயரைச் சொல்லாமல் ட்வினைத் திட்டி ஒரு முழு ஆல்பம்,
அதிலும் மூச்சு குறையவில்லை.
கோபத்துக்கு நல்ல நுரையீரல்.
இரண்டாயிரத்து ஏழில், அட்லாண்டா பையன்களின் பாட்டு நடுவே
விருந்தாளியாக எட்டு வரி.
அவர்களுக்கு அவர் பெயர் வேண்டியிருந்தது, அவருக்கு வாடகை.
அந்தப் பெயரையும் எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள்.
ட்வின் செத்த வருஷம்
எதுவும் வரவில்லை.

இப்போது இரண்டு வரிக்கு ஒரு மூச்சு.
திரையில் சொற்கள் மலைமலையாக நிற்க
இடையிடையே மூச்சு, சின்னச் சின்னப் புதர்.
அதை வெட்டுவதுதான் என் தொழில்.
ஒரு பொத்தானை அமுக்கினால் அத்தனையும் போகும்,
கேட்கிறவன் இருபத்தைந்து வயது என்பான்.

வேகத்தை எண்பத்து நாலுக்குக் குறைக்கட்டுமா என்று எழுதினேன்.
வேண்டாம், எட்டிப் பிடித்துவிடுவேன்
என்று பதில் வந்தது.
கூடவே, அந்த இருமலை மட்டும் எடுத்துவிடு.

மூன்றாம் பத்தியில் நாலு வரி காலி.
மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
சத்தத்தைக் கூட்டிக் கேட்டால்
விரலால் மேசையில் தாளம் போகிறது.
நடுவில் ஒரு "ம்ம்",
யாரோ நல்ல வரி சொன்னால் போடுவோமே, அந்த ம்ம்.
ஐந்தாம் வரியில் வந்து விழுகிறார்,
பாதிச் சொல்லில்,
வாலைப் பிடித்துக்கொண்டு.

மூன்று தடவை பின்னால் இழுத்துக் கேட்டேன்.
ஷைனியை எழுப்பலாமா என்று பார்த்தேன், எழுப்பவில்லை.

அண்ணன் ஷட்டரைத் தூக்கும்போது மணி ஐந்தரை.
இருமலை எடுத்தாயிற்று. மூச்சு எல்லாம் அப்படியே.
அந்த நாலு வரியில் பேஸை இறக்கினேன்,
சீவல் சத்தத்தை எடுத்தேன்,
மழையையும் எடுத்தேன்.
பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்கிறது.
அது கிடக்கட்டும்.